வாசல் தகட்டில் ஒரு பெயர், மரத்துக்குள் இன்னொரு பெயர்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிறிய ரயில் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கும் ஒருவர் கேட்கிறார். அவர்களிடம் பழைய மரப் பயணியர் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்வாசலுக்கு மேலே ‘ஹிக்ஸ், சிகாகோ’ என்று பித்தளைத் தகடு. அருங்காட்சியகத்தின் பதிவு அட்டையில் ‘கட்டிய ஆண்டு 1905’. பெட்டியைக் கொடுத்த குடும்பத்தாரோ ‘இது வில்மிங்டனில் புதுப்பித்த பெட்டி’ என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். பெட்டியின் உடல்வாகைப் பார்த்தால் 1880-கள் மாதிரி தெரிகிறது. யார் கட்டியது, யார் மாற்றிக் கட்டியது, எப்படித் தெரிந்துகொள்வது?

நான் பெரம்பூர் கேரேஜ் பணிமனையில் தச்சுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் விஸ்கான்சினில் இருக்கிறாள். அங்கே போகும் கோடைகளில் மரப்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் குழுவோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த மூன்று தகவல்களும் ஒன்றோடொன்று முரண்படுவதாக நினைத்துத்தான் குழம்புகிறீர்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஒரு மரப்பெட்டிக்கு ஒரே ஒரு பிறப்பு கிடையாது. காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை வாங்கியவர் வாசலில் தன் பெயரைப் பொறிப்பார். அந்தப் பெயரைப் பார்த்து வீட்டைக் கட்டிய ஸ்தபதி அவர்தான் என்று நாம் முடிவு செய்வோமா? உங்கள் பித்தளைத் தகடும் அப்படித்தான்.

ஹிக்ஸ் நிறுவனம் சிகாகோவுக்குத் தெற்கே சிகாகோ ஹைட்ஸில் பணிமனை வைத்திருந்தது. 1900-க்குப் பிறகான பத்தாண்டில் அதன் முக்கியத் தொழிலே பெரிய ரயில்வேக்கள் கழித்துவிட்ட இன்ஜின்களையும் பெட்டிகளையும் வாங்கி, செப்பனிட்டு, சிறிய ரயில்வேக்களுக்கு விற்பதுதான். மரம் வெட்டும் கம்பெனிகள், சுரங்க லைன்கள், இருபது முப்பது மைல் ஓடும் கிளைப்பாதைகள் எல்லாம் வாடிக்கையாளர்கள். அட்லாண்டாவில் சதர்ன் அயர்ன் அண்ட் எக்விப்மென்ட் என்ற நிறுவனமும் இதே வியாபாரம் செய்தது.

இந்த வியாபாரம் அப்போது செழித்ததற்குக் காரணம் உண்டு. 1893-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ரயில் பாதுகாப்புச் சாதனச் சட்டம் கொண்டுவந்தது. பெட்டிகளை ஒன்றோடொன்று தானாகவே இணைக்கும் கப்ளரும் காற்று பிரேக்கும் கட்டாயமாயின. கெடு நீண்டு நீண்டு 1900-ல் முழுமையாக அமலுக்கு வந்தது. ரயில்களும் நீளமாகி, எடை கூடிக்கொண்டே போனது. 1870, 80-களின் இலகுவான பெட்டிகளைப் பெரிய ரயில்வேக்கள் ஓரம்கட்டின. பிறகு 1907-ல் புல்மன் நிறுவனம் முழு எஃகில் முதல் படுக்கைப் பெட்டியைச் செய்தது. 1910-களில் எஃகுதான் வழக்கமாகிவிட்டது. மரப்பெட்டிகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. ஆகவே உங்கள் தகடு சொல்வது ‘எங்கள் கைவழியாக இது விற்பனையானது’ என்பதை மட்டுமே. ஹிக்ஸ் மாற்றிக் கட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஹிக்ஸ் முதலில் கட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இப்போது அந்த 1905. அமெரிக்க ரயில்வேப் பட்டியல்களில் ‘கட்டியது’ என்ற பத்தியில் வரும் ஆண்டை நான் ஒருபோதும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு சிறிய ரயில்வே பழைய பெட்டியை வாங்கும்போது, தன் கையேட்டில் எழுதும் ஆண்டு பெரும்பாலும் வாங்கிய ஆண்டாகவோ புதுப்பித்த ஆண்டாகவோ இருக்கும். விற்றவர் சொன்னதை எழுதுவார்கள். விற்றவருக்குப் பெட்டி புதிதாகத் தெரிவதுதான் லாபம். 1880-களின் உடலும் 1905 என்ற ஆண்டும் ஒரே பெட்டியில் இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை. அந்த ஆண்டை ‘ஹிக்ஸிடமிருந்து வந்த ஆண்டு’ என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டு தேடுங்கள்.

வில்மிங்டன் சங்கதிதான் உண்மையில் சுவாரசியமானது. அங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஜாக்சன் அண்ட் ஷார்ப். 1863-ல் தொடங்கிய நிறுவனம். 1871-ல் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் என்ற குறுகிய பாதை ரயில்வேக்கு முதல் பயணியர் பெட்டிகளைச் செய்து கொடுத்தது அதுதான். ஆனால் அதே ஊரில் ஹார்லன் அண்ட் ஹாலிங்ஸ்வொர்த் இருந்தது. கப்பலும் கட்டும், ரயில் பெட்டியும் கட்டும். அதே ஊரில் புல்மன் நிறுவனத்துக்கும் ஒரு பழுதுபார்க்கும் பணிமனை இருந்தது. போதாக்குறைக்கு 1901-ல் ஜாக்சன் அண்ட் ஷார்ப்பை அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்டரி வாங்கிவிட்டது. ‘வில்மிங்டனில் புதுப்பித்தது’ என்ற ஒரு வாக்கியத்துக்குள் இப்படி நான்கு பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. ஊர்ப் பெயரைக் கண்டதும் நிறுவனத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள். பெட்டி ஒரு காலத்தில் புல்மன் இயக்கிய படுக்கைப் பெட்டியாகவோ, சொகுசு நாற்காலிகள் போட்ட பார்லர் பெட்டியாகவோ இருந்திருந்தால், நான் முதலில் பார்க்கச் சொல்வது புல்மனின் பழுதுபார்க்கும் பணிமனையைத்தான்.

இதே வலை பஃபலோ ஊரிலும் உண்டு. வாக்னர் பேலஸ் கார் நிறுவனம் அங்கேதான் பெட்டி கட்டியது. 1899 கடைசியில் புல்மனோடு இணைந்ததும் வாக்னர் பெட்டிகள் காகிதத்தில் புல்மன் பெட்டிகளாகிவிட்டன. பிறகு வந்த பதிவுகளை மட்டும் படித்தவர்கள் ‘புல்மன் கட்டியது’ என்று எழுதிப் போய்விட்டார்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். எனக்கு நம்பிக்கை அதன்மேல்தான்.

நம் ஊரில் ஒரு கோச் பி.ஓ.எச். (குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பராமரிப்பு) முடிந்து வெளியே வந்தால், எந்தப் பணிமனை, எந்தத் தேதி, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைப் பெட்டியின் முனைச் சுவரில் பெயிண்டில் எழுதிவிடுவோம். பொன்மலையா, பெரம்பூரா என்று பிளாட்பாரத்தில் நின்றே சொல்லிவிடலாம். அமெரிக்க மரப்பெட்டிகளிலும் இப்படி எழுதுவது உண்டு. ஆனால் நூறு வருடத்தில் அந்தப் பெயிண்ட் இருக்காது. இருக்கப் போவது யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தச்சர்கள் நினைத்த இடங்களில் இருக்கும் எழுத்துகள்தான்.

ஒரு ஜன்னல் சட்டத்தைக் கழற்றுங்கள். அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே எண் குத்தியிருக்கும். காரணம் எளிது. அந்தக் காலத்தில் பெட்டி பணிமனைக்குள் வந்தால் ஜன்னல், கதவு, இருக்கை எல்லாவற்றையும் கழற்றி வார்னிஷ் அறைக்கு அனுப்புவார்கள். வார்னிஷ் பூசிக் காய வைத்துத் திரும்பி வர நாளாகும். அங்கே இன்னும் பல பெட்டிகளின் ஜன்னல்கள் வரிசையாகக் கிடக்கும். எது எந்தப் பெட்டியுடையது என்று தெரிய பெட்டி எண்ணைக் குத்திவிடுவார்கள். (அமெரிக்கப் பழைய ரயில்காரர்கள் பயணியர் ரயிலையே ‘வார்னிஷ்’ என்றுதான் செல்லமாகச் சொல்வார்கள்.) பெட்டி கைமாறினால் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் புது எண் குத்துவார்கள். ஒரே சட்டத்தில் மூன்று எண் இருந்தால், மூன்று சொந்தக்காரர்கள், அல்லது ஒரே ரயில்வே மூன்று முறை எண் மாற்றியது என்று அர்த்தம். பித்தளைத் தகட்டைவிட இந்த எண்கள் பத்து மடங்கு மதிப்புள்ளவை. எல்லா ஜன்னலையும் பாருங்கள். ஏழெட்டு ஜன்னலில் ஒரே எண்ணும் ஒன்றிரண்டில் வேறு எண்ணும் இருந்தால், அந்த ஒன்றிரண்டு வேறு பெட்டியிலிருந்து வந்து மாட்டியவை.

அடுத்தது உட்புறப் பலகைகளின் முதுகு. வால்நட், செர்ரி, மஹோகனி என்று எந்த மரமானாலும், முன்பக்கம்தான் மெருகு. பின்பக்கத்தில் தச்சர் பென்சிலால் ‘இடது 4’, ‘முனை ஏ’ என்கிற மாதிரி எழுதியிருப்பார். சில இடங்களில் பெட்டி எண்ணும், லாட் எண்ணும் இருக்கும். லாட் என்பது ஒரே ஆர்டரில் ஒரே வரைபடத்தில் கட்டிய பெட்டிகளின் கூட்டத்துக்கு நிறுவனம் கொடுத்த எண். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒருமுறை ஒரு இடத்தில், சுவர்ப் பலகைகளைச் சுத்தமாக்குகிறோம் என்று நல்ல மனதோடு வந்த இளைஞர்கள் முதுகுப்பக்கத்தையும் மெஷினில் தேய்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தரையில் தூள் மட்டும் இருந்தது. அந்தப் பெட்டியைக் கட்டியது யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனது வலிக்கிறது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: படம் எடுக்காமல் எந்தப் பலகையின் முதுகிலும் கை வைக்காதீர்கள்.

இனி அடிச்சட்டம். பெட்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. மரப்பெட்டியின் பலம் நீளவாக்கில் ஓடும் கனமான மரச் சட்டங்களிலும், அவற்றின் கீழே வில் மாதிரி இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகளிலும் இருக்கிறது. பெட்டி நடுவில் தொங்க ஆரம்பித்தால் கம்பியின் நடுவிலிருக்கும் டர்ன்பக்கிள் என்ற இறுக்குத் திருகை முறுக்கி நிமிர்த்துவார்கள். மாற்றிக் கட்டும்போது இந்தச் சட்டங்களின் முனைகள்தான் முதலில் மாறும், ஏனென்றால் மழைத் தண்ணீர் சேர்ந்து உளுத்துப்போவது அங்கேதான். சாய்வாக வெட்டிப் பொருத்திய நீண்ட ஒட்டு எங்கே இருக்கிறது, ஒட்டின் இருபுறமும் மரம் ஒரே இனமா என்று பாருங்கள். கிழக்கே கட்டிய பெட்டியில் ஓக்கும் மஞ்சள் பைனும் எதிர்பார்க்கலாம். அதில் திடீரென டக்ளஸ் ஃபிர்ரோ, செம்மரம் என்று நாம் சொல்வதோடு தொடர்பே இல்லாத கலிஃபோர்னிய ரெட்வுட்டோ வந்தால், பெட்டி ஒரு காலத்தில் மேற்குக் கடற்கரைப் பக்கம் பழுது பார்க்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். ரெட்வுட் வலுவான சாட்சி. ஃபிர் பிற்காலத்தில் எங்கும் விற்பனைக்கு வந்ததால், அது மட்டும் போதாது.

முனைச் சட்டத்தில் காலியான போல்ட் துளைகள் இருந்தால் குதூகலப்படுங்கள். 1860-களின் பிற்பகுதியிலிருந்து பயணியர் பெட்டிகளில் மில்லர் என்பவர் வடிவமைத்த முனை மேடையும் (பெட்டியின் முனையில் ஏறி இறங்க நிற்கும் தளம்) கொக்கிக் கப்ளரும் பரவின. பிறகு 1873-ல் காப்புரிமை பெற்ற ஜேனி கப்ளர், அந்த 1893 சட்டத்துக்குப் பின் எல்லா இடத்தையும் பிடித்தது. மில்லர் மேடையைக் கழற்றிய துளைகள் உங்கள் பெட்டியில் இருந்தால், பெட்டி அந்த மாற்றத்துக்கு முன்பே பிறந்தது என்பதற்கு மரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

துளைகள் இன்னும் நிறையப் பேசும். கூரையில் எண்ணெய் விளக்கு தொங்கிய கொக்கித் துளை, அதற்குப் பிறகு பின்ச் கேஸ் விளக்கின் குழாய் போன பாதை, அதற்கும் பிறகு மின்கம்பி. மூலையில் தரைப் பலகை மட்டும் ஒட்டுப்போட்டு, அதைச் சுற்றி தகரம் அடித்த ஆணித் துளைகள் இருந்தால் அங்கே கரி அடுப்பு நின்றது. 1887 பிப்ரவரியில் வெர்மான்ட்டில் பாலத்திலிருந்து விழுந்த ரயிலில் அடுப்புகளால் தீப்பிடித்துப் பலர் இறந்த பிறகு, அடுப்புக்கு எதிராகப் பெரும் குரல் எழுந்தது. நியூயார்க் மாநிலம் அதே ஆண்டு சட்டமே போட்டது. இன்ஜினிலிருந்து குழாய்வழி வரும் நீராவிச் சூடு அதற்குப் பிறகு பரவியது. ஆணியையும் கவனியுங்கள். தகட்டிலிருந்து வெட்டிய, பட்டையான பழைய ஆணியா, இன்று நாம் அடிக்கும் உருண்டைக் கம்பியாணியா? 1890-ஐ ஒட்டித்தான் கம்பியாணி முந்தியது. பழைய ஆணி அடித்த பகுதியும் கம்பியாணி அடித்த பகுதியும் எங்கே சந்திக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்தால், மாற்றிக் கட்டியவரின் கை எதுவரை போனது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பித்தளைச் சாமான்கள் விஷயத்தில் மட்டும் நிதானம். இருக்கைக் காலில் ‘ஹேல் அண்ட் கில்பர்ன்’ என்றும், விளக்கில் ‘ஆடம்ஸ் அண்ட் வெஸ்ட்லேக்’ என்றும் வார்ப்பில் இருக்கும். இவர்கள் பெட்டி கட்டியவர்கள் அல்ல; எல்லா நிறுவனங்களுக்கும் சாமான் விற்றவர்கள். காப்புரிமைத் தேதி பொறித்திருந்தால், அந்தச் சாமான் அந்தத் தேதிக்கு முன்னால் மாட்டியிருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. பெட்டியின் வயது அது அல்ல. பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் போகிகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செருப்பு மாற்றுவது மாதிரி மாற்றியிருப்பார்கள்.

பெயிண்ட் பற்றி ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆபிரகாம் லிங்கனின் உடலை 1865-ல் கொண்டுபோன பெட்டி 1911-ல் மினியாபொலிஸ் அருகே புல் தீயில் எரிந்துபோனது. அதன் நிறம் என்ன என்பது நூறு வருட வழக்காக இருந்தது. கடைசியில் ஒரு குடும்பத்திடம் பாதுகாப்பாக இருந்த ஜன்னல் சட்டத்தின் துண்டிலிருந்து, அரிசோனா பல்கலைக்கழக வேதியியலாளர் ஒருவர் அது அடர்ந்த மெரூன் என்று நிறுவினார். ஒரு சின்னத் துண்டு மரம் போதுமாக இருந்தது! உங்களிடம் முழுப் பெட்டியே இருக்கிறது. வெயில் படாத, கதவுச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்த ஓர் இடத்தில், காசு அளவு வட்டமாக, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மரத்தின் வெட்டில் ஆண்டு வளையம் தெரிவது போல அடுக்குகள் தெரியும். கடைசி அடுக்கிலிருந்து எண்ணி, எந்த அடுக்குக்குக் கீழே பழைய அழுக்கும் வெடிப்பும் இருக்கிறது என்று பாருங்கள். மாற்றிக் கட்டிய போது வைத்த புதுப் பலகையில் அதற்குக் கீழ் உள்ள அடுக்குகள் இருக்காது. அடுக்குகளை எண்ணினால், எந்தப் பலகை எந்தக் கையில் வந்தது என்று பிரித்துவிடலாம். பெயர்ப் பலகைப் பட்டையில் இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பழைய எழுத்துகள் மேடாகத் தெரிவது உண்டு.

இத்தனையும் எடுத்த பிறகுதான் காகிதத்துக்குப் போக வேண்டும். தலைகீழாகப் போனவர்கள், காகிதத்தில் படித்ததை மரத்தில் பார்த்ததாக நினைத்துக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன்.

முதல் இடம் 1913-ல் வந்த ரயில்வே மதிப்பீட்டுச் சட்டத்தின் பதிவுகள். எல்லா ரயில்வேயின் சொத்தையும் அரசு கணக்கெடுத்தது. எந்தப் பெட்டி, யார் கட்டியது, புதிதா பழையதா, என்ன விலை என்றெல்லாம் ரயில்வேக்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவை மேரிலாந்து காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விற்பனைத் தந்திரம் இல்லாமல் எழுதப்பட்ட காகிதம் என்பதால் இதற்கு என் மனதில் தனி இடம். உங்கள் பெட்டியைக் கடைசியாக ஓட்டிய சிறிய ரயில்வேயின் கோப்பை அங்கே கேளுங்கள். ஜன்னலில் குத்திய பழைய எண்கள் எந்த ரயில்வேயின் தொடரில் பொருந்துகின்றன என்பதை 1885 முதல் வந்த ரயில்வே சாதனப் பதிவேட்டில் தேடலாம். லாட் எண் புல்மன் வகையில் இருந்தால், அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்தில் இருக்கின்றன. ஜாக்சன் அண்ட் ஷார்ப்பின் புகைப்படத் தொகுப்பு டெலவேர் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஜன்னல்களின் இடைவெளியையும் மேல் வளைவையும் அந்தப் படங்களோடு ஒப்பிடுங்கள். மத்திய மேற்கில் ஓடிய பெட்டி என்பதால் ஓஹியோ டேட்டனின் பார்னி அண்ட் ஸ்மித்தையும் மறக்காதீர்கள்.

கட்டியவரும் மாற்றியவரும் வேறு வேறாக இருப்பது பெட்டியின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று உங்கள் குழுவில் ஒருவர் கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம். கொலராடோவின் டுராங்கோ–சில்வர்டன் பாதையில் ‘நோமாட்’ என்ற பெட்டி இருக்கிறது. 1878-ல் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பில்மெயர் அண்ட் ஸ்மால் ‘ஃபேர்பிளே’ என்ற பெயரில் இருக்கைப் பெட்டியாகக் கட்டியது. பிறகு அதிகாரிகள் பயணிக்கும் பெட்டியாக மாற்றிக் கட்டப்பட்டது. இன்று அதன் மதிப்பே அந்த இரண்டு வாழ்க்கையில்தான் இருக்கிறது. பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப் ரயில்வேயின் ‘ஆர்பிசோனியா’ பெட்டியும் அதே நிறுவனம் 1882-ல் வேறொரு ரயில்வேக்குக் கட்டியதுதான். இரண்டாம் கையாக வந்து அந்த ரயில்வேயின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இப்போதைக்கு என் ஊகம்: 1880-களில் கிழக்கே யாரோ கட்டியது, இடையில் ஒருமுறை வில்மிங்டனில் பெரிய பழுது பார்த்தது, 1905-ஐ ஒட்டி ஹிக்ஸ் செப்பனிட்டு விற்றது. இது வெறும் ஊகம், பதிவு அட்டையில் ஏற்றாதீர்கள். அட்டையில் ‘ஹிக்ஸ் தகடு உள்ளது, கட்டியவர் ஆய்வில்’ என்று மட்டும் எழுதுங்கள். இந்தக் குளிர்காலத்தில் பெயிண்ட் உரிக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, தெற்குப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடிப்பக்கத்தை அளவுகோலோடு படமெடுங்கள். முனைச் சட்டத்தின் காலித் துளைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்களை இங்கே போடுங்கள். எந்த ரயில்வேயின் கோப்பைக் கேட்க வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.